பெய்ஸ்லி: ஊர்ப்பெயரும் சால்வைப்பெயரும்

பட்டுச்சேலை எடுக்கக் கடைக்குச் செல்லும் நம் இல்லத்து மகளிர் 'மாங்காய்க் கரை', 'மாங்காய்ப் புட்டா' என்று கேட்டு வாங்குவதை நாம் அறிவோம். அடி பருத்து, நுனி சிறுத்து, ஒரு புறமாக வளைந்து சாயும் அவ்வடிவத்தை நம் நெசவாளர் மாங்காயாகக் கண்டனர், கண்டவாறே பெயரிட்டனர். அதே வடிவம் அமைந்த துணியை ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் கடைகளில் காட்டினால் 'பெய்ஸ்லி' என்பர். பெய்ஸ்லி என்பது காயின் பெயரோ பூவின் பெயரோ அன்று. அது ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள ஓர் ஊர். மாமரம் வளராத குளிர்நாடு அது. அவ்வடிவம் அவ்வூரில் பிறந்ததும் இல்லை. அங்கனமாயின், உலகமெங்கும் அறியப்பட்ட ஒரு வடிவத்திற்கு அவ்வூரின் பெயர் எவ்வாறு வாய்த்தது?

ஊர்கள் தம் பெயரைப் பெற்ற வரலாற்றைத் தமிழில் ஆய்ந்து கூறியவருள் சொல்லின் செல்வர் ரா.பி. சேதுப்பிள்ளை தலையாயவர். 1946-இல் வெளிவந்த அவருடைய 'ஊரும் பேரும்' நம் மாணவர் அனைவரும் கற்க வேண்டிய நூல். ஊர் எவ்வாறு பெயர் பெற்றது என்பது அந்நூலின் வினா. நாம் ஈண்டு அதனோடு மற்றொரு வினாவையும் எடுத்துக்கொள்கிறோம். பெயர் பெற்ற ஊர், பிறிதோர் இடத்தார் கைத்திறனுக்குத் தன் பெயரைச் சூட்டிய வரலாறு எத்தகையது என்பதே அவ்வினா.

ஊரும் அதன் பெயரும்

கிளாஸ்கோ மாநகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், ஒயிட் கார்ட் என்னும் ஆற்றின் கரையில் அமைந்தது பெய்ஸ்லி. இன்று அங்கு வாழ்வோர் எண்பதாயிரத்துக்கும் குறைவு. நம் மதுரை மாநகரின் ஒரு மூலையில் அடங்கிவிடும் ஊர் எனலாம்.

12-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுந்த ஆவணங்களில் இவ்வூர்ப்பெயர் 'பாஸ்லெத்', 'பாஸெலெத்' என்னும் வடிவங்களில் காணப்படுகிறது. இதன் மூலம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. எனினும் 'பசிலிக்கா' என்னும் இலத்தீன் சொல்லின் திரிபே இது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அயர்லாந்தில் 'பாஸ்லிக்' என்றோர் ஊரும், வேல்ஸ் நாட்டில் 'பாசலெக்' என்றோர் ஊரும் இருப்பது இவ்விளக்கத்துக்கு வலிமை தருகிறது. பசிலிக்கா என்னும் சொல்லோ கிரேக்க மொழியில் 'அரசர்க்குரியது' என்னும் பொருளில் பிறந்து, இலத்தீனில் பொதுமன்றத்தைக் குறித்து, பின்னர்க் கிறித்தவர் பெருங்கோயிலைக் குறிக்கலாயிற்று. 1962-இல் வேளாங்கண்ணிக் கோயில் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டமையால் அச்சொல் தமிழ்நாட்டுப் பேருந்துப் பயணிக்கும் பழக்கமானது. கோயிலால் பெயர் பெற்ற ஊர்கள் நம் நாட்டில் எண்ணிறந்தன ஆதலின், பெய்ஸ்லியின் பெயர்க்காரணம் நமக்கு வியப்பளிப்பதன்று.

1163-இல் ஸ்காட்லாந்து மன்னரின் பெருநிலைப் பணியாளரான வால்ட்டர் ஃபிட்ஸ் ஆலன் இங்கு ஒரு துறவிமடத்தை நிறுவினார். அவர் வகித்த பதவியின் பெயரே குடிப்பெயராகி, அக்குடியே பிற்காலத்தில் 'ஸ்டூவர்ட்' என்னும் அரச மரபாயிற்று. பதவி குடிப்பெயராவதும், குடிப்பெயர் அரசாவதும் பெயர்கள் செல்லும் வழியின் விந்தைகள். அம்மடத்தின் கோயில் இன்றும் ஊர் நடுவே நிற்கிறது.

சந்தையின் பெயரும் தறியின் பெயரும்

துணிகள் ஊர்ப்பெயரால் வழங்குவது புதுமையன்று. கோழிக்கோட்டின் பெயரால் 'காலிக்கோ' உண்டு. திமிஷ்கு நகரின் பெயரால் 'டமாஸ்க்' உண்டு. காஷ்மீரின் பெயரால் 'காஷ்மியர்' உண்டு. மெல்லிய ஆடைக்கு 'மஸ்லின்' என்ற பெயர் ஈராக்கிலுள்ள மோசூல் நகரிலிருந்து வந்தது என்பர். ஆனால் மஸ்லின் என்றவுடன் உலகம் வியந்து போற்றிய ஆடையை நெய்தவர் வங்கத்தில் டாக்காவைச் சூழ்ந்து வாழ்ந்த நெசவாளர். ஆடை டாக்காவினுடையது, பெயர் மோசூலினுடையது. துணியின் பெயரைக் கொண்டு அதை நெய்த கையை அறியலாம் என்று எண்ணுவோமாயின் ஏமாறுவோம். பெயர் பெரும்பாலும் விற்ற சந்தையைத்தான் சொல்கிறது. பெய்ஸ்லியின் நிலையோ இவற்றினும் சிக்கலானது. அது சந்தை மட்டுமன்று. தறியும் கொண்ட ஊர். அங்கும் கைகள் உழைத்தன. அவ்வுழைப்பைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று.

புட்டாவின் பிறப்பு

பாரசீக மொழியில் 'பூத்தா' என்றால் செடி, புதர். அச்சொல்லே உருதுவில் 'பூட்டா' ஆகி, துணியில் இடும் பூவேலையைக் குறித்தது. தமிழ் நெசவாளர் நாவில் அது 'புட்டா' ஆயிற்று. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் எந்தத் தறியடியில் நின்றாலும் இச்சொல்லைக் கேட்கலாம். இச்சொல்லோடு வந்த சுற்றத்தாரும் சிலர் உளர். பாரசீக 'ஷால்' என்பது நம்மிடம் 'சால்வை' ஆனது. ஆங்கிலேயரிடமும் அதுவே திரிந்து வழங்குகிறது. சித்திர வேலை செய்வோனைக் குறிக்கும் 'நக்காஷ்' என்னும் அரபுச் சொல்லோடு உறவுடையதே நம் 'நகாசு'. பாரசீகத்திலிருந்து வந்த சொற்கள் ஆட்சிமொழி வழியாக மட்டும் தமிழில் புகுந்தன என்று கருதும் மாணவர், தறியையும் சற்று எட்டிப் பார்த்தல் நலம்.

காஷ்மீரில் சால்வைக் கலையின் தொடக்கத்தை, 14-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த இறைநேசர் மீர் சையிது அலீ ஹமதானீ (ரஹ்) அவர்களோடும், 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீனோடும் இணைத்துப் பேசுவது அந்நாட்டு மரபு. அக்பர் காலத்தில் அக்கலை அரசவையின் சிறப்பான ஆதரவைப் பெற்றிருந்ததை அபுல் ஃபஸ்ல் எழுதிய 'ஆயினே அக்பரீ' காட்டுகிறது.

காஷ்மீரச் சால்வைக்குரிய மயிர் காஷ்மீரில் கிடைப்பதன்று. லடாக், திபெத்து ஆகிய உயர்நிலங்களில் மேயும் ஆட்டின் தோலையொட்டி, கடுங்குளிரைத் தாங்க முளைக்கும் மென்மயிரே 'பஷ்ம்' எனப்படும். அதனை வணிகர் மலைவழியே கொணர, பெண்கள் தூய்மை செய்து நூற்க, ஆண்கள் நெய்தனர். நெய்யும் முறையே தனித்தன்மை உடையது. ஒரே நாடா துணியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடுவதில்லை. வண்ணத்துக்கு ஒன்றாக நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் நூற்றுக்கணக்கில் பாவின்மீது தொங்கும். ஒரு பூவிதழுக்குச் சிவப்பு வேண்டுமெனின், சிவப்புக் குச்சி அவ்விதழின் அகலமளவே சென்று, அடுத்த வண்ணத்தோடு பின்னித் திரும்பிவிடும். இவ்வாறு நெய்த நுண்ணிய சால்வை ஒன்று முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

இதில் நம் மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. நெசவாளர் சித்திரத்தைப் பார்த்து நெய்வதில்லை. நக்காஷ் எனப்படுவோர் வடிவத்தை வரைய, மற்றொருவர் வண்ணங்களை வகுத்துச் சொல்ல, வேறொருவர் அதனைக் குறியெழுத்துகளாக ஒரு தாளில் எழுதுவார். எத்தனை பாவிழைக்கு எவ்வண்ணம் என்பதே அவ்வெழுத்தின் பொருள். அத்தாளுக்குத் 'தஃலீம்' என்று பெயர். கற்பித்தலைக் குறிக்கும் இவ்வரபுச் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. தறியில் இருப்போர் அதனைப் படித்தும் படிக்கக் கேட்டும் நெய்வர். பூ முதலில் எழுத்தாகிறது, எழுத்து ஓசையாகிறது, ஓசை மீண்டும் பூவாகிறது.

முகலாயர் காலத்தின் முற்பகுதியில் சால்வையின் தலைப்பில் இருந்தது வேரும் தண்டும் மலரும் கொண்ட ஒற்றைச் செடி. பின்னர் அது பூங்கொத்தாயிற்று. கொத்தின் நுனி காற்றில் சாய்ந்ததுபோல் ஒருபுறம் வளைந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செடியின் தோற்றம் மறைந்து, நாம் மாங்காய் என்னும் வடிவம் மட்டும் எஞ்சியது. அதனைக் காற்றில் வளைந்த சைப்பிரசு மரம் என்று கொள்வோரும் உளர். பஞ்சாபியர் நம்மைப் போலவே மாங்காய் என்றனர். பிரெஞ்சுக்காரர் பனையோலை என்றனர். ஸ்காட்லாந்தியர் பைன் மரத்துக் காய் என்றனர். அவரவர் தோட்டத்தில் உள்ளதைத்தானே அவரவர் கண் காணும்!

பெய்ஸ்லிக்குச் சால்வை வந்த வழி

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பல்களில் காஷ்மீரச் சால்வைகள் இலண்டனை அடைந்தன. நெப்போலியன் 1798-இல் எகிப்தின்மீது படையெடுத்தபின், அவன் படைத்தலைவர்கள் வழியாக அவை பாரிசு நகரில் பெருவழக்காயின. ஆயின் விலையோ செல்வர்க்கன்றி எட்டாதது. எட்டாத பொருளுக்குப் போலி பிறத்தல் இயல்பு. முதலில் எடின்பரோவிலும் இங்கிலாந்தின் நாரிச்சு நகரிலும் போலச் செய்தல் தொடங்கிற்று. 1805-ஐ ஒட்டிப் பெய்ஸ்லியும் அதில் இறங்கிற்று.

பெய்ஸ்லி அதற்குமுன் வெறுமனே இருந்த ஊரன்று. அங்கு நூலும் துணியும் முன்பே உண்டு. 1697-இல் கிறிஸ்டியன் ஷா என்னும் சிறுமி தனக்குச் சூனியம் வைக்கப்பட்டதாகக் கூற, எழுவர்க்கு மரணதண்டனை விதித்த இருண்ட வரலாறும் அவ்வூருக்கு உண்டு. அச்சிறுமியே வளர்ந்தபின் அவ்வட்டாரத்தில் நேர்த்தியான நூல் முறுக்கும் தொழிலுக்கு முன்னோடியாகப் பேசப்படுகிறாள். 1760 அளவில் பட்டுச் சல்லா நெசவு அங்குப் பெருகி ஊரை வளர்த்தது. ஆகவே சால்வைக்கு வேண்டிய கைப்பழக்கம் அங்கே ஆயத்தமாகக் காத்திருந்தது எனலாம்.

பெய்ஸ்லி நெசவாளரைப் பற்றிச் சிறிது கூறாது செல்ல மனம் ஒப்பவில்லை. அவர்கள் தம் வீட்டிலேயே தறி வைத்து நெய்தவர்கள். செய்தித்தாளை ஒருவர் படிக்கப் பிறர் கேட்டு நெய்வதும், அரசியல் பேசுவதும், பாட்டுக் கட்டுவதும் அவர்கள் வழக்கம். வள்ளுவர் நெசவு செய்தார் என்னும் செவிவழிச் செய்தியும், கபீர்தாசர் நெசவுக் குடியினர் என்னும் வரலாறும் உடைய நாட்டினராகிய நமக்கு, தறியும் பாட்டும் உறவாடுவது புதிதன்று. இராபர்ட் டானஹில் (1774–1810) அவ்வூர்த் தறியில் அமர்ந்தே பாடல் புனைந்தவர். மற்றொருவரான அலெக்சாண்டர் வில்சன் (1766–1813) ஓர் ஆலை உரிமையாளரைச் சாடிப் பாட்டெழுதிச் சிறைப்பட்டார். ஊர்ச் சந்திப்பில் பலர் காணத் தம் பாட்டைத் தம் கையாலேயே எரிக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார். 1794-இல் அவர் அமெரிக்கா சென்று, அந்நாட்டுப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிப் புகழ் பெற்றார். பாட்டை எரிக்கச் செய்த ஊர் பின்னாளில் அவருக்குச் சிலை வைத்தது.

மறைந்திருக்கும் இழை

பெய்ஸ்லித் தறி காஷ்மீரத் தறியைப்போல் இயங்குவதன்று. இங்கு ஒவ்வொரு வண்ண ஊடையும் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முழுதும் ஓட வேண்டும். எவ்விடத்தில் அவ்வண்ணம் வேண்டுமோ அவ்விடத்தில் மட்டும் மேலே தோன்றும். மற்ற இடமெல்லாம் துணியின் பின்புறத்தில் தொங்கும். தொடக்கத்தில் பாவிழைகளைத் தூக்கச் சிறுவர் ஒருவர் தறியருகே நின்று கயிறுகளை இழுத்தனர். காஞ்சிபுரத்தில் 'அடை' கட்டி நெய்த காலத்தில் இழுப்பதற்கு ஓர் ஆள் இருந்ததை நினைவுகூர்க. பின்னர்ப் பிரான்சு நாட்டு ஜக்கார்டு கண்டுபிடித்த துளையட்டைப் பொறி அச்சிறுவரின் இடத்தைப் பிடித்தது. அதன் துணையால் 15 வண்ணங்கள் வரை நெய்தனர். காஷ்மீரச் சால்வையின் வண்ணச் செறிவுக்கு அதுவும் ஈடாகவில்லை. நெய்து முடித்தபின், பின்புறம் தொங்கும் மிகை இழைகளைக் கத்தரித்து எடுப்பர். சால்வையின் சுமை குறையும்.

இங்குதான் ஓர் இடர் உண்டு. மிகை இழைகளை வெட்டிவிட்டால் எஞ்சிய வண்ணத் துணுக்குகள் பாவில் எதைப் பற்றி நிற்கும்? அதற்காக வண்ண ஊடைகளுக்கு இடையிடையே மெல்லிய இழை ஒன்றைச் செலுத்தினர். அது வண்ண இழைகளைப் பாவோடு பிணித்து நிறுத்தும். ஆனால் மேலே தோன்றாது. துணியைத் திருப்பிப் பார்த்தாலும் எளிதில் அகப்படாது. ஸ்காட்லாந்து வழக்கில் அதற்கு 'ஸ்மா ஷாட்' என்று பெயர். 'சிற்றூடை' என்று தமிழில் கூறலாம்.

முதலாளிகள் சிற்றூடைக்குக் கூலி தர மறுத்தனர். பூவில் தெரியும் வண்ண ஊடைகளைக் கணக்கிட்டே கூலி கொடுத்தனர். தெரியாத இழைக்கு எதற்குக் காசு என்பது அவர்கள் வாதம். நெசவாளரோ ஒவ்வொரு முறையும் அவ்விழைக்காகத் தறியை மிதித்தாக வேண்டும். அதற்குரிய நூலையும் தம் பொறுப்பிலேயே வாங்கியாக வேண்டும். அஃதின்றி நெய்தால் சால்வை கலைந்து போகும். எது இல்லையேல் பூவே இல்லையோ, அதற்கே கூலி இல்லை! நெடுநாள் நடந்த வழக்காடலுக்குப்பின் 1856-இல் முதலாளிகள் இணங்கினர். சிற்றூடைக்கும் கூலி உண்டு என்று ஒப்பினர். சூலை மாத முதற் சனிக்கிழமையில் நெசவாளர் கொண்டாடி வந்த விடுமுறை அன்று முதல் 'ஸ்மா ஷாட் நாள்' என்று பெயர் பெற்றது.

அவர்கள் வாழ்வு எப்போதும் வளமாக இருந்தது என்று கருதற்க. சால்வை வழக்கத்தின் ஏற்ற இறக்கத்தை நம்பிய ஊர் அது. 1841 முதல் 1843 வரை ஏற்பட்ட தொழில் முடக்கத்தில் பெய்ஸ்லியின் 112 உற்பத்தி நிறுவனங்களுள் 67 முறிந்தன. மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் உதவிக் கஞ்சியை எதிர்பார்க்கும் நிலை வந்தது. 1842-இல் விக்டோரியா அரசியார் பெய்ஸ்லிச் சால்வைகளை வாங்கி அணிந்து, அத்தொழிலுக்கு ஆதரவு காட்டினார். அதே அரசியாருக்கு, 1846-ஆம் ஆண்டு அமிர்தசரசு உடன்படிக்கையின்படி காஷ்மீர மன்னர் குலாப் சிங் ஆண்டுதோறும் ஒரு குதிரையும், 12 சால்வை ஆடுகளும், மூன்று இணைக் காஷ்மீரச் சால்வைகளும் செலுத்த வேண்டியிருந்தது. ஒரே தோளுக்கு இரு நாட்டுத் தறிகளும் ஓடின. ஒன்று விலைக்கு வந்தது. மற்றொன்று திறையாக வந்தது.

ஜால்தகர்

அக்காலத்துக் காஷ்மீர நெசவாளரின் நிலையை இனிக் காண்போம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கார்கானாக்களில் முதலாளிக்குக் கடன்பட்டு, தறியை விட்டு நீங்க இயலாமல் உழைத்தனர். நெய்த சால்வையில் அரசு முத்திரை குத்தி வரி வாங்கும் 'தாக்' என்னும் முறை அவர்களை நசுக்கிற்று. 1822-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் காஷ்மீரில் தங்கிய வில்லியம் மூர்கிராஃப்ட் என்னும் ஆங்கிலேயர் சால்வைத் தொழிலின் ஒவ்வொரு நிலையையும் நுணுகி எழுதினார். தம் நாட்டுத் தொழிலுக்கு அது பயன்பட வேண்டும் என்பது அவர் நோக்கம். அவர் குறிப்புகளில் நெசவாளரின் வறுமையும் பதிவாயிற்று. தொழில்நுட்பம் கடல் கடந்தது. வறுமை அங்கேயே நின்றது.

1865 ஏப்ரல் 29 அன்று, மன்னர் ரன்பீர் சிங் ஆட்சியில், சிறீநகரின் ஜால்தகர் என்னுமிடத்தில் சால்வை நெசவாளர் திரண்டனர். வரிச்சுமையைக் குறைக்கக் கோரி ஊர்வலமாக வந்தனர். படைக்கலம் ஏதும் அவர்களிடம் இல்லை. அரசப் படை அவர்களை நெருக்கிற்று. அருகிலிருந்த கால்வாயில் விழுந்தும் தாக்குண்டும் 28 பேர் மாண்டனர் என்பது பதிவு. முன்னின்றோர் சிறைப்பட்டனர். சிற்றூடைக்குக் கூலி கிடைத்துப் பெய்ஸ்லி கொண்டாடத் தொடங்கி அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டையும் அருகருகே வைப்பது பெய்ஸ்லியின் நெசவாளரைக் குற்றஞ்சாட்டுவதற்கன்று. அவர்கள் ஜால்தகரை அறிந்திருப்பார்கள் என்று எண்ணவும் இடமில்லை. ஆயின் அவ்வடிவத்துக்கு வழங்கும் பெயர் ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை மறைக்கிறது என்பதை மாணவர் உணர வேண்டும். 1842-இல் துணி வடிவங்களைப் பதிவுசெய்து உரிமை பெறும் சட்டம் பிரித்தானியாவில் வந்தது. காஷ்மீரத்தைப் பார்த்து வரைந்தோரும் தம் வரைவுகளை அதன்கீழ்ப் பதிவுசெய்துகொள்ள முடிந்தது. காஷ்மீரத்துப் பஷ்மினாவுக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது 2008-இல்தான்.

சால்வை போய் நூல் வந்தது

1870-ஐ ஒட்டி ஐரோப்பிய மகளிரின் உடைப்பாங்கு மாறிற்று. பின்புறம் உயர்த்திக் கட்டிய பாவாடையின்மேல் பெரிய சால்வை பொருந்தவில்லை. அதே ஆண்டில் மூண்ட பிரான்சு–பிரஷ்யப் போரால் காஷ்மீரத்தின் முதன்மைச் சந்தையான பாரிசும் கதவடைத்தது. 1877-இல் தொடங்கிய கொடும்பஞ்சம் காஷ்மீர நெசவாளர் எண்ணற்றோரை விழுங்கிற்று. பெய்ஸ்லியின் தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அசலும் போலியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சரிந்தன.

பெய்ஸ்லி ஊர் மட்டும் சரியவில்லை. அதனைக் காத்தது தையல் நூல். நெப்போலியன் 1806-இல் பிரித்தானியாவுக்கு எதிராக வணிகத் தடை விதித்தபோது, தறியின் விழுதுக்கு வேண்டிய பட்டு நூல் கிடைக்காமல் போயிற்று. பேட்ரிக் கிளார்க் என்பவர் பருத்தியை முறுக்கிப் பட்டுக்கு நிகரான நூலாக்கினார். விழுதுக்கு ஆகும் நூல் தையலுக்கும் ஆகும் என்பது விரைவில் தெரிந்தது. கிளார்க் குடும்பத்தார் நூலை மரக்கட்டையில் சுற்றி விற்றனர். கட்டைக்கென்று அரைப்பென்னி கூடுதலாக வாங்கி, காலிக் கட்டையைத் திருப்பித் தந்தால் காசைத் திருப்பிக் கொடுத்தனர். சால்வைத் தொழிலிலிருந்து வந்த ஜேம்ஸ் கோட்ஸ் 1826-இல் நூல் ஆலை எழுப்பினார். அவர் மக்கள் பெயரால் ஜே. அண்ட் பி. கோட்ஸ் என்று வளர்ந்த நிறுவனம் 1896-இல் கிளார்க் நிறுவனத்தையும் தன்னுள் இணைத்து உலகெங்கும் பரவிற்று.

கோட்ஸ் என்னும் பெயர் தமிழ்நாட்டில் ஒலிப்பதை வாசகர் இதற்குள் நினைத்திருப்பர். ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும், பின் மதுரையிலும் நூற்பாலைகளை நிறுவினர். 1908-இல் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்ட கோரல் ஆலை அவர்களுடையதே. அக்குழுமத்தின் மதுரை மில்ஸ் 1974-இல் கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு இணைந்து 'மதுரா கோட்ஸ்' ஆயிற்று. நம் வீட்டுத் தையற்பெட்டியில் கிடக்கும் நூற்கண்டின் பெயரில் பாதி வைகைக்கரையினது. மறுபாதி ஒயிட் கார்ட் ஆற்றங்கரையினது. பெய்ஸ்லியில் கடைசி நூலாலை 1993-இல் மூடப்பட்டது.

இன்று அவ்வூரில் சால்வை நெய்து பிழைப்போர் இல்லை. அருங்காட்சியகத்தின் திரட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சால்வைகள் உள்ளன. நெசவாளர் வாழ்ந்த சிறுவீடுகள் சில நினைவில்லமாகக் காக்கப்படுகின்றன. நின்றுபோயிருந்த ஸ்மா ஷாட் நாள் 1986-இல் மீண்டும் உயிர்பெற்றது. சூலை முதற் சனிக்கிழமையன்று, முற்காலத்தில் நெசவாளரைக் கூட்டத்துக்கு அழைத்த சார்ல்ஸ்டன் பறையை முழக்கி ஊர்வலம் செல்கின்றனர். கூலி மறுத்த முதலாளியின் உருவப் பொம்மையையும் எரிக்கின்றனர். சிறீநகரை அடுத்த கனிஹாமா என்னும் சிற்றூரிலோ, தஃலீம் தாளை முன்வைத்து மரக்குச்சிகளால் புட்டா நெய்வோர் இன்றும் உளர்.